மாதிரி விமானம் செய்த மாணவன்
அலெக்சாண்டர் யாக்கவ்லெவின் வாழ்க்கை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் நம் முன்னோர். ஆயினும் மரக்குச்சியும் காகிதமும் கொண்டு விமானம் செய்யும் பிள்ளையைப் படிப்பில் கருத்தில்லாதவன் என்று கடிந்துகொள்வோரே மிகுதி. அத்தகைய விளையாட்டில் தொடங்கி, சோவியத் நாட்டின் முதல் ஜெட் போர் விமானங்களுள் ஒன்றைப் படைத்த ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவரே அலெக்சாண்டர் செர்கேயெவிச் யாக்கவ்லெவ். ‘யாக்’ என்னும் பெயர் பூண்ட விமானங்கள் யாவும் அவர் பெயரால் வந்தவையே.

யாக்கவ்லெவ் 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். உள்நாட்டுப் போரால் நாடு வறுமையுற்றிருந்த காலத்தில், பள்ளி மாணவராக இருந்த அவர், நூலொன்றில் கண்ட விளக்கத்தைக் கொண்டு இரண்டு மீட்டர் அகலச் சிறகுடைய மாதிரி விமானம் ஒன்றைச் செய்தார். பள்ளி மண்டபத்தில் எறியப்பட்ட அது சில மீட்டர் தூரம் மிதந்து சென்றது. அவர் வாழ்வின் போக்கை உறுதி செய்தது அந்தச் சிறு பறப்பே எனலாம்.

மாதிரி விமானம் கற்பிக்கும் முதற்பாடம் எடையாகும். மூக்கு கனத்தால் தரையில் குத்தும்; வால் கனத்தால் தலைதூக்கிப் பின் சரியும். தவற்றைக் கண்ணெதிரே காட்டி, குறைந்த செலவில் திருத்தவும் இடந்தருவது அது. இப்பாடத்தை யாக்கவ்லெவ் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

விமானப்படைக் கல்விக்கழகத்தில் மாணவராகச் சேர அவருக்கு உடனே வாய்ப்புக் கிட்டவில்லை. மனம் தளராமல் அதன் பட்டறையில் கூலித் தொழிலாளியாகவும், பின்னர் இயந்திரப் பணியாளராகவும் உழைத்தார். 1924 இல் அவர் அமைத்த இயந்திரமற்ற மிதவை விமானம் கிரிமியாவில் நடந்த போட்டியில் பரிசு பெற்றது. 1927 மே 12 ஆம் நாள் அவருடைய முதல் இயந்திர விமானம் பறந்தது. அதனை ஓட்டியவர் பியந்கோவ்ஸ்கி. அவ்வாண்டிலேயே கல்விக்கழகத்தின் கதவும் அவருக்குத் திறந்தது.

அவ்விமானத்திற்கு அன்றைய அரசின் தலைவர் ரைக்கவின் பெயரெழுத்துகள் சூட்டப்பட்டிருந்தன. 1938 இல் ஸ்டாலின் ஆட்சி அதே ரைக்கவுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. விமானங்களும் அப்பெயரை இழந்தன. துப்பொலெவ் போன்ற மூத்த வல்லுநர்கள் சிறைக்குள்ளிருந்தே விமானங்களை வரைந்த காலம் அது. அக்காலத்தில், 1940 இல், 33 வயதினரான யாக்கவ்லெவ் விமானத் தொழில்துறையின் துணை அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். இந்நிழலைச் சொல்லாது விடுத்தால் அவர் வரலாறு முழுமை பெறாது.

வேறொரு விலையையும் அவர் தர நேர்ந்தது. அவரது முதல் போர் விமானம் 1940 சனவரியில் பறந்தது. ஏப்ரலில் நடந்த சோதனைப் பறப்பில் அது விபத்துக்குள்ளாகி, தொடக்க முதல் அவருடைய விமானங்களை ஓட்டிய பியந்கோவ்ஸ்கி உயிர் நீத்தார். மாதிரி விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மனிதன் விழுந்தால் மீட்க இயலாது. குறைகளைக் களைந்து உருவான யாக் போர் விமானங்கள் இரண்டாம் உலகப்போரில் முப்பதாயிரத்திற்கும் மேல் செய்யப்பட்டன.

போர் முடிந்ததும் ஜெட் காலம் பிறந்தது. முற்றிலும் புதிய விமானத்தை வரைய அவகாசமில்லை. ஆகவே யாக்கவ்லெவ், தாம் நன்கறிந்த யாக்-3 விமானத்தின் முன்பகுதியிலிருந்த பழைய இயந்திரத்தை நீக்கி, செருமானிய ஜெட் இயந்திரத்தின் படியை அங்கே பொருத்தினார். சிறகும் வாலும் பெரும்பாலும் பழையனவே. இயந்திரத்தின் வெப்பக்காற்று விமானியின் இருக்கைக்குக் கீழாகச் சீறி வெளியேறியது. அதனால் அடிவயிற்றுக்கு எஃகுத் தகடு போர்த்தினார். வால் சக்கரத்தில் ரப்பர் தாங்கவில்லை. அதனையும் எஃகால் செய்ய வேண்டியதாயிற்று. சிரட்டையில் ரப்பர் பால் எடுக்கும் நம் திற்பரப்புப் பகுதியினர்க்கு ரப்பரின் வலிமையும் தெரியும், தீயின் முன் அதன் எளிமையும் தெரியும்.

இவ்வாறு உருவான யாக்-15, 1946 ஏப்ரல் 24 ஆம் நாள் வானேறியது. அதே நாளில், அதே களத்தில், மிகோயன் குழுவினரின் மிக்-9 சற்று முன்னதாகப் பறந்தது. எது முதலில் எழுவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர் என்பர். அம்மிக் குடும்பத்தில் பின்னர்ப் பிறந்த மிக்-21, 1963 முதல் 2025 வரை நம் இந்திய விமானப்படையில் பணிபுரிந்தது. யாக்கவ்லெவோ பயிற்சி விமானம், பயணிகள் விமானம் எனப் பலவும் படைத்து, 1984 இல் ஓய்வு பெற்று, 1989 ஆகஸ்டு 22 ஆம் நாள் மாஸ்கோவில் மறைந்தார்.

இன்று இவ்விமானங்களின் சிற்றுருவங்களை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து மகிழ்வோர் உலகெங்கும் உளர். 8.7 மீட்டர் நீளமுள்ள யாக்-15, அவ்வளவில் 12 சென்டிமீட்டராகி உள்ளங்கையில் அடங்கிவிடும். யாக்-3, யாக்-15 ஆகிய இரண்டையும் செய்து அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, பக்கம் பக்கமாகப் படித்தாலும் விளங்காத ஒன்று விளங்கும். பெரும் பாய்ச்சல் என்று உலகம் வியந்தது, தெரிந்ததின் மேல் எடுத்து வைத்த ஓர் அடியே என்பதாம்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் அமைத்தலும் ஒரு பயிற்சியாக உள்ளது. மாணவ நண்பர்களே! வசதியில்லை என்று வாளாவிருத்தல் வேண்டா. கையிலுள்ள மரத்துண்டை எடுத்துச் செதுக்கத் தொடங்குவோம். விழட்டும், ஏன் விழுந்தது என்று ஆராய்வோம். அந்த ஆராய்ச்சியே கல்வியாகும்.