மும்பை டூ லண்டன் 7,200 கி.மீ.: இந்தியாவைப் பறக்க வைத்த ஜே.ஆர்.டி. டாடா யார்?

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்துல இருந்து லண்டனுக்குக் கிளம்புறீங்கன்னு வச்சுக்குவோம். கோவில்பட்டி வந்து, தூத்துக்குடி வாகைக்குளத்தில் சென்னைக்கு ஒரு விமானம், அங்கிருந்து இன்னொன்று. மொத்தம் எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம்னு போனில் தட்டினால் நொடியில் வந்துவிடும்.

1930களின் தொடக்கத்தில் கதையே வேற. லண்டனில் இருந்து விமானத் தபால் கராச்சி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து சென்னைக்கு ரயிலே கதி. இந்த இடைவெளியைத்தான் ஜே.ஆர்.டி. டாடா பிடித்துக்கொண்டார்.

1904-ல் பாரிஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த பிளேரியோ குடும்பம், இவர்களின் கோடைக்கால வீட்டுக்கு அக்கம்பக்கம். ஆசை வராமல் இருக்குமா? 1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் இவருக்குத்தான்.

அடுத்த வருஷமே ஒரு போட்டி. இந்தியா - இங்கிலாந்து தூரத்தைத் தனியாகப் பறந்து கடந்தால் ஆகா கான் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் வந்த 17 வயசு ஆஸ்பி இன்ஜினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் மாட்டிக்கொண்டார். தன்னிடம் இருந்த உபரி பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார் ஜே.ஆர்.டி. சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பி! பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியானதும் அதே பையன்தான்.

1932 அக்டோபர் 15. சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தில் தபால் பையோடு கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாக மும்பை ஜூஹுவுக்குத் தானே ஓட்டிவந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில். மும்பையில் இருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவரது கூட்டாளி நெவில் வின்சென்ட். 1938-ல் அந்தப் பாதை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

1948 ஜூன் 8-ல் 'மலபார் பிரின்சஸ்' மும்பையில் இருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கெய்ரோ, ஜெனீவா என்று இரண்டு இடங்களில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே தூரம் நிற்காமல் 9 முதல் 10 மணி நேரம். (உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், போவதைவிடத் திரும்பி வரும்போது சீக்கிரம் வந்துவிடலாம்.)

1953-ல் ஏர் இந்தியாவை அரசு எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அதில் உடன்பாடே இல்லை. இருந்தும் தலைவர் பொறுப்பில் தொடர்ந்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கியது. கால் நூற்றாண்டு உழைப்புக்கு இதுதானா மரியாதை என்று இப்போது படிக்கும்போதும் கோபம் வருது.

அவரோ, 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில், ஒரு பழைய 'லெப்பர்டு மாத்' விமானத்தில் ஏறி அதே கராச்சி - மும்பை பாதையில் மறுபடியும் தனியாகப் பறந்து வந்தார்.

1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குத் திரும்பியது 2022 ஜனவரியில்.