ஊர் மருத்துவர்

மாமல்லபுரத்து ஐந்து இரதங்கள் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டப்பெற்றவை அல்ல. இயற்கையாய்க் கிடந்த பாறைகளைக் கிடந்த இடத்திலேயே செதுக்கிப் பல்லவர் காலத்துச் சிற்பியர் கோயில் வடிவாக்கினர். எது நிற்க வேண்டும், எது நீங்க வேண்டும் என்பதை உளி எடுக்குமுன் ஆய்ந்து தெளிந்ததே அவர்தம் திறம். பழுதுற்ற குடியிருப்புகளைச் சீர்திருத்துவதற்கும் இத்தகைய திறமே வேண்டும் என உலகிற்குக் காட்டியவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர்.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். இலண்டன் மாநகரில் ஹக்ஸ்லி என்னும் பேராசிரியரிடம் உயிரியல் பயின்றார். 1879-இல் ஆராய்ச்சியின்பொருட்டு மெக்சிகோ சென்றபோது கண்ணொளி மங்கிச் சில வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நுண்ணோக்கியில் நெடுநேரம் ஆராயும் வன்மை குன்றிற்று. உயிர்களை அவை வாழும் சூழலோடு சேர்த்துக் காணப் பழகிய அவர் உள்ளம், மக்களையும் அவர் வாழும் ஊரையும் அவ்வாறே காணத் தொடங்கிற்று.

எடின்பரோ நகரின் பழம்பகுதியைச் செல்வர் கைவிட்டுச் சென்றனர். அங்கிருந்த பல மாடிக் கட்டடங்களில் காற்றும் ஒளியுமின்றி ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. 1886-இல் அன்னா என்னும் நங்கையை மணந்த கெடிஸ், மறு ஆண்டில் அம்மையாருடன் அப்பகுதியிலேயே குடிபுகுந்தார். அயலாரோடு கூடிக் குப்பை வாரினார், சுவருக்கு வெள்ளையடித்தார், பலகணிகளில் பூஞ்செடி வைத்தார். சீர்திருத்த இயலாத சில கட்டடங்களை மட்டும் நீக்கி ஒளிக்கு வழி செய்தார். ஏனையவற்றைப் பழுது பார்த்தார். அயலார் அவருக்கு உதவி பெறுவோராக அன்றி, உடனுழைக்கும் தோழராகவே விளங்கினர்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்டுப் பெருமகனார் அழைக்க, 1914-இல் கெடிஸ் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு நீரில் மறைந்தும் அவர் தளர்ந்தாரல்லர். நண்பர் உதவியால் புதிய படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பின்னர்த் தமிழகத்து ஊர்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தார். அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தின் அமைப்பைக் கண்டு வியந்தார். ஊர் முழுவதும் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தும் தனிமனிதர் உரிமை கெடாமை அவர் நெஞ்சைக் கவர்ந்தது. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கமான வீடுகளை ஊடறுத்து நேர்த்தெருக்கள் அமைக்கத் திட்டம் இருந்தது. அவரோ சந்து சந்தாக நடந்து பார்த்து, பாழடைந்த வீடுகள் சிலவற்றை மட்டும் நீக்கி, வெளியிடம் பெருக்கி, மரம் நட்டாலே போதும் என்று காட்டினார். அவ்வழியில் செலவும் குறைவு, வீடிழப்போரும் சிலரே.

நோயையும் அதன் முதலையும் ஆய்ந்து, தணிக்கும் வாய் அறிந்து மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. கெடிஸ் ஊர்களுக்குச் செய்த மருத்துவமும் இத்தகையதே. குடியிருப்போரை விரட்டிவிட்டு வீடுகளை இடித்தால், அவர்கள் அடுத்த தெருவில் நெருங்குவர், வாடகை உயரும், நெருக்கம் என்னும் நோய் இடம் மாறுமேயன்றித் தீராது. இதனை அவர் ஆட்சியாளர்க்கு அஞ்சாது எடுத்துரைத்தார்.

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் விளைத்தது. மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். சில திங்களில் அன்னா அம்மையாரும் கல்கத்தாவில் இயற்கை எய்தினார். துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. இந்தோர் நகரில் தீபாவளி ஊர்வலம் தூய்மையான தெருக்களின் வழியே செல்லும் என அறிவிக்கச் செய்தாராம். மக்கள் தாமே முன்வந்து வீடுகளையும் தெருக்களையும் தூய்மை செய்தனர் என்பர். ஆணையால் ஆகாதது அன்பால் ஆயிற்று. 1919 முதல் சில ஆண்டுகள் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கிய கெடிஸ், 1932-இல் பிரான்சு நாட்டில் காலமானார்.

அவர் கற்பித்த பாடம் இன்றும் நமக்கு வேண்டுவதே. ஏழையர்க்கு நல்ல வீடு அளிக்கத் தமிழ்நாட்டில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. சென்னை ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, செங்கற்பட்டு மாவட்டத்துப் பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. உறுதியான கூரை கிடைத்தது. ஆயினும் தொழிலும் பள்ளியும் தொலைவாயின. பழைய அடுக்கு வீடுகளைப் புதுக்கும் பணியும் நடைபெற்று வருகிறது. அப்பணியில் ஈடுபடுவோர், சுவரின் விரிசலை அளக்கும் முன் அங்கு வாழ்வாரின் சொல்லைக் கேட்டல் வேண்டும். வீடு என்பது கல்லும் சுண்ணமும் மட்டுமன்று. அண்டை அயலும் அன்றாடப் பிழைப்பும் சேர்ந்ததே வீடு.