தந்தை செல்வாவும் அச்சத்தின் அரசியலும்

தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்தே நீர் வருகின்றது. அக்குளத்தை அண்டிய காணிகளில் யாரைக் குடியேற்றுவது என்பதைக் கொழும்பு தீர்மானிப்பதா, இங்குள்ள மக்கள் தீர்மானிப்பதா? எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் அரசியல் வாழ்வில் பெரும்பகுதி இத்தகைய வினாக்களைச் சுற்றியே கழிந்தது.

1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்த அவர், ஆசிரியராக இருந்து சட்டத்தரணியானவர். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். மெலிந்த தேகமும் தாழ்ந்த குரலும் கொண்டவர். கிறிஸ்தவராயினும் இந்துக்களின் பேராதரவைப் பெற்றிருந்தார். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லால் முஸ்லிம்களையும் அரவணைத்தார். 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் சார்பில் வென்றவர்கள் முஸ்லிம்களே. (பிற்காலத்தில் எமது மாவட்டத்திலேயே இவ்விரு சமூகங்களையும் ஒன்றைக் கண்டு மற்றொன்று அஞ்சவைத்தவர்கள் எம்மிடையேயும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.) இம்மனிதரைத்தான் நாட்டைத் துண்டாட வந்தவராகத் தென்னிலங்கைக்குக் காட்டினார்கள்.

1957 ஜூலை 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்கவுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் தனிநாடு என்ற பேச்சே இல்லை. பிராந்திய சபைகள் அமையும், குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரை அவையே தெரிவு செய்யும் என்பன அதன் முக்கிய ஏற்பாடுகள். ஆட்சியை இழந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு அதுவே நல்வாய்ப்பாயிற்று. ஒக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்தன கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். இம்புல்கொடையில் அது தடுக்கப்பட்டது. ஆனால் அது விதைத்த அச்சம் பரவிக்கொண்டேயிருந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்தனர். அவர் உடன்படிக்கையைக் கைவிட்டார்.

அடுத்த மாதமே கலவரம். பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் குரூரமாகக் கொல்லப்பட்டதாக வதந்தி எழுந்தது. அப்படியோர் ஆசிரியை அங்கு இருந்ததே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் பாணந்துறையில் கோயில் பூசகர் உயிருடன் எரிக்கப்பட்டிருந்தார். பிரதமரோ வானொலியில், மட்டக்களப்பில் சிங்களவர் ஒருவர் கொல்லப்பட்டதையே கலவரத்தின் காரணமாகச் சுட்டினார். அதற்கு முன்பே பொலனறுவையில் தமிழர் தாக்கப்பட்டிருந்தனர். அவசரகாலச் சட்டம் வந்தது. சிங்களக் கட்சியொன்றுடன் தமிழரசுக் கட்சியும் தடைசெய்யப்பட்டது. செல்வநாயகம் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1961 சத்தியாக்கிரகத்தின் பின் பனாகொடை முகாமிலும் அவர் அடைக்கப்பட்டார்.

1965இல் டட்லி சேனாநாயக்கவுடன் மாவட்ட சபைகளுக்கு இணங்கியபோது வேடங்கள் மாறின. முன்பு அஞ்சவைத்தவர்கள் இப்போது ஆட்சியில் இருந்தனர். முன்பு உடன்படிக்கை செய்த சுதந்திரக் கட்சி, இடதுசாரிகளையும் சேர்த்துக்கொண்டு அதே அச்சத்தைக் கையிலெடுத்தது. 1966 ஜனவரியில் கொழும்பு ஊர்வலத்தில் பிக்கு ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மாவட்ட சபைத் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது.

1977 ஏப்ரல் 26ஆம் திகதி செல்வநாயகம் காலமானார். குடியேற்றக் காணிகளை யாருக்கு வழங்குவது என்ற அதிகாரம் அன்றும் கொழும்பிடமே இருந்தது.