ஒளியை மருந்தாக்கிய பின்சன்

ஞாயிற்றைத் தொழுதல் எம்மவர்க்குப் புதிதன்று. தைத்திங்கள் முதல்நாளிலே புதுப்பானையிற் பொங்கிக் கதிரவனுக்குப் படைத்து மகிழ்கின்றோம். அவ்வொளியையே மருந்தாக்கிய ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரிலே எம் இளைஞர்க்கு எடுத்துக்கூற விழைகின்றோம். அவரே நீல்ஸ் ரைபெர்க் பின்சன்.

வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, மழையும் மூடுபனியும் மிக்க பேரோத் தீவுகளில், தோர்ஸ்ஹவன் என்னும் ஊரிலே 1860ஆம் ஆண்டு மார்கழி 15ஆந் திகதி அவர் பிறந்தார். டென்மார்க்கிலே கற்ற பாடசாலையில் அவரைத் திறமை குறைந்த மாணவர் என்றே மதித்தனர். பின்னர் ஐஸ்லாந்து சென்று கற்று, 1882இல் கொப்பன்கேகன் சர்வகலாசாலையிற் புகுந்து, 1890இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பரீட்சையிற் பின்தங்கி மனமுடையும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

இளமையிலேயே தீராத நோயொன்று அவரைப் பற்றியது. ஈரல் பழுதுற்று, வயிற்றில் நீர் கட்டி, உடல் தளர்ந்தது. வெயில் புகாத வடதிசை நோக்கிய வீட்டில் வசித்த அவர், சூரியவொளி பட்டபோது தம் சோர்வு நீங்குவதை உணர்ந்தார். நிழல் வந்தடையுந்தோறும் வெயிலை நாடி நகர்ந்து படுக்கும் பூனையொன்றைக் கண்டும் சிந்தித்தார் என்பர். ஒளிக்கு உயிர்களின்மேல் என்ன ஆற்றலுண்டு என்னும் வினாவே அவர் வாழ்வாயிற்று. அதற்காகவே 1893இல் சர்வகலாசாலை உத்தியோகத்தையும் துறந்தார்.

அக்காலத்திலே தோலைப் பற்றும் சயரோகம் மிகக் கொடியது. அது மூக்கையும் கன்னத்தையும் அரித்து முகத்தைச் சிதைக்கும். நோயாளர் பிறர் கண்ணிற் படாது ஒதுங்கி வாழ்ந்தனர். 1895இல் பின்சன், மின்வில் விளக்கின் ஒளியை வில்லைகளாற் குவித்து, நீரினால் அதன் வெம்மையைத் தணித்து, நோயிடத்திற் பாய்ச்சினார். இரத்தம் ஒளியைத் தடுக்குமாதலால், வில்லையால் தோலை அழுத்தி இரத்தத்தை விலக்கும் உபாயத்தையுங் கண்டார். நோயாளர் ஒவ்வொருவர் அருகிலும் ஒரு தாதி பொறுமையுடன் அமர்ந்து வில்லையைப் பிடித்திருப்பார். இவ்வாறு பல மாதங்கள் செய்யவே புண்கள் ஆறின. 1896இல் கொப்பன்கேகனில் ஒளி வைத்திய நிலையம் நிறுவப்பெற்றது.

1903இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. நோயின் கடுமையாற் பரிசு பெற நேரிற் செல்ல இயலவில்லை. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை நிலையத்துக்கே ஈந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் நோயையும் ஆராய்ந்து குறித்துவந்தார். 1904ஆம் ஆண்டு புரட்டாதி 24ஆந் திகதி, 43ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கருத்துக்கள் யாவும் நிலைத்தன அல்ல. வைசூரி நோயாளரைச் செவ்வொளி அறையில் வைத்தல் நன்று என்ற அவர் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. குறுகிய ஊதாக் கடந்த கதிர்களே சயரோகக் கிருமியைக் கொன்றன என்று பலரும் நம்பியிருந்தனர். ஆயின் 2005இல் டென்மார்க் அறிஞர் பழைய விளக்குகளைச் சோதித்து, அக்கதிர்கள் தோலை அடைந்திரா என்று கண்டனர். கிருமிக்குள்ளே இயல்பாயுள்ள போர்பிரின் என்னும் பொருள் ஒளிபட்டு ஒட்சிசனைத் தீவிரமாக்க, அதுவே கிருமியை அழித்திருத்தல் கூடும் என்பது அவர்தம் முடிபு.

இதனை ஒத்த வழியே இன்று மீண்டும் ஆராயப்படுகின்றது. மியூனிக் நகரிலே ஒஸ்கார் ராப் என்னும் மாணவர், ஒருவகைச் சாயம் வெளிச்சத்திலே நுண்ணுயிர்களைக் கொல்வதைக் கண்டு 1900இல் வெளியிட்டார். இக்காலத்தில் மெதிலீன் நீலம் போன்ற சாயத்தைப் பூசி ஒளியைப் பாய்ச்சிப் பல் ஈற்று நோய்க்குச் சிகிச்சை செய்கின்றனர். மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளும், பசைப்படலம் அமைத்து அதனுள் ஒளிந்திருக்கும் கிருமிக் கூட்டங்களும் வைத்தியரை வருத்தும் காலம் இது. தீவிர ஒட்சிசன் கிருமியின் பல பாகங்களையும் ஒருங்கே தாக்குதலால், அதனை எதிர்க்கும் வலிமையைக் கிருமிகள் பெறுதல் அரிது. எனினும் ஒளி உடலினுள் ஆழமாகப் புகாது. ஆகவே வெளிப்புண்களுக்கும் ஒளி எட்டும் இடங்களுக்குமே இம்முறை ஏற்றது.

தம் நோய் தீராதென அறிந்தும் பிறர் நோய் தீர்க்க உழைத்தவர் பின்சன். நாளை வைகறையிற் கதிரவனை நோக்கிக் கைகூப்பும்போது, இளைஞர்காள், அவரையும் ஒருகணம் நினைவோமாக.