ராபர்ட் வைட்

ராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 - மே 26, 1872) ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். 1819 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

அந்நாளில் பூக்கும் தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை கொண்டு பிரிக்கும் லின்னேயசு முறை பரவலாக இருந்தது. அதில் ஆறு தாள்களுடைய நெல், வெங்காயத்துடன் ஒரே வகுப்பில் சேர்ந்தது. மூன்றுடைய கோதுமை பிரிந்துபோனது. வைட், பல உறுப்புகளையும் ஒப்பிட்டுக் குடும்பங்களாக்கும் இயற்கை முறையில், ஆர்னட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவர நூலை 1834 இல் வெளியிட்டார். அது முதல் தொகுதியோடு நின்றுவிட்டது.

1836 இல் தேனிக்கு வடக்கேயுள்ள பழனி மலைக்குச் சென்றார். 2,101 படங்கள் கொண்ட இவரது ஆறு தொகுதிகளுக்கு (1838-1853) வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து ஆகியோர் முதன்மையானவர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குச் சூட்டினார். அப்பேரினம் பின்னர் வேறொன்றுடன் இணைக்கப்பட்டது.