மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

தஞ்சைத் தரணியின் ஆடலையும் பாடலையும் போற்றிய புலவர் பலர். அக்கலைகளைக் காத்த பெண்டிர் எவ்வாறு விலைக்கு வாங்கப்பெற்றனர் என்பதை எழுத்தில் வடித்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

1883-இல் இசை வேளாளர் குடியில் பிறந்த அவர், வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே 10 ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டார். முதியவர் ஒருவருக்குத் தம்மை மணமுடிக்க நடந்த ஏற்பாட்டை மறுத்து, இசை பயிற்றிய சுயம்பு பிள்ளையைக் கணவராக ஏற்றார்.

தாம் மீண்டதே போதும் என்று அவர் அமையவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர்தோறும் பேசினார். அவ்வழக்கத்தால் வருவாய் கண்ட சொந்தக் குலத்தாரே அவரை எதிர்த்தனர். காங்கிரசில் தொண்டாற்றியவர், பின்னர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார்.

1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் அவரது நாவல் வெளிவந்தது. கதைக்கட்டில் குறை காண்போர் உண்டு. எனினும், வழிபாட்டின் பெயரால் நிகழ்ந்த வணிகத்தை அதனுள் அகப்பட்டு மீண்ட ஒருவரே உரைத்தமை அந்நூலின் தனிச்சிறப்பு.

சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாக நிறைவுற்றது. அச்சட்டத்தை ஏற்கும் மனநிலையை மக்களிடையே உருவாக்கியதில் அம்மையாரின் பங்கு பெரிது. 1962-இல் அவர் மறைந்தார். விலை பேசப்பட்ட அச்சிறுமியின் பெயரால் 2022 முதல் தமிழக அரசு அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியரின் உயர்கல்விக்கு உதவத் தொடங்கியது.