கோட்டையில் பேண்டு கேட்ட தீட்சிதர்

1971-இல் பண்டிட் ரவிசங்கர் லண்டனில் மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து சிதார் வாசித்தார். உலகமே அதிசயப்பட்டது. ஆனால் அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னாலேயே நம்ம தமிழ்நாட்டில் ஒருவர் இந்த வழியில் நடந்திருக்கிறார். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்தான் அவர்.

1775-இல் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர்தான் என்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் மணலி ஜமீன் ஆதரவு கொடுத்ததால் குடும்பம் அங்கே குடிபோனது. ஜமீன்தார் வெங்கடகிருஷ்ண முதலியார் கம்பெனியில் துபாஷி. அதாவது, வெள்ளைக்காரருக்கும் நம்ம ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். அவர்தான் அண்ணன் தம்பிகளை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் பேண்டு வாத்தியம் கேட்க வைத்தார்.

அந்நிய சங்கீதம்னு தீட்சிதர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். இப்படிச் சுமார் 40 பாட்டு. இதற்கு நோட்டு ஸ்வரம் என்று பேர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அவர் வாழ்த்தியது ராஜாவை அல்ல, அம்பாளை! தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டு நம்ம பாட்டுக்கு வாசித்தார். தீட்சிதரின் சிஷ்யர் வடிவேலுவும் வயலினில் புகழ் பெற்றார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியைப் பார்ப்பதே அபூர்வம்.

காசிக்குப் போய் இந்துஸ்தானி சங்கீதத்தையும் கேட்டுவந்தவர் அவர். நம்ம விரிஞ்சிபுரம் சுவாமி மேலும் ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறார்.

இங்கே எனக்கு ஒரு யோசனை. தீட்சிதர் வாழ்ந்த காலத்தில்தான், 1806 ஜூலை 10-இல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்தார்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை போடணும், நெற்றியில் மதக்குறி கூடாது என்ற உத்தரவும் அதற்கு ஒரு காரணம். தோல் மேல் எனக்குக் கோபமில்லை. நம்ம பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவதே தோலால்தான். கட்டாயப்படுத்தியதுதான் தப்பு. வேலூரில் வெளியூர்ப் பொருளைத் தலையில் திணித்தார்கள், ரத்தம் ஓடியது. சென்னைக் கோட்டையில் தீட்சிதர் தானாகக் கேட்டார், பிடித்ததை எடுத்துக்கொண்டார், பாட்டு பிறந்தது. அடுத்தவர் இசையைக் கேட்டால் நம்ம இசை கெட்டுப்போகும் என்பவர்கள் இதை யோசிக்கணும்.

1835-இல் தீபாவளி நாளன்று எட்டயபுரத்தில் தீட்சிதர் காலமானார். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம்ம சங்கராபரணமும் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் ஒரே ஏழு ஸ்வரம்தான். நோட்டு ஸ்வரத்தை கமகம் இல்லாமல் நேராகவே பாடுவார்கள். கீபோர்டில் 'சி' என்ற கட்டையை 'ச' என்று வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். இரண்டு ஊர் சங்கீதமும் ஒன்றாகக் கேட்கும்!